காணாத அலகு

இல்லை, அது பனி. பாறை விளிம்பில் உருகாமல் மிஞ்சிய ஒரு கைப்பிடிப் பனி, அவ்வளவுதான். சித்திரை பிறந்து ஒரு கிழமையாகிவிட்டது என்றாலும் நோர்வேயின் இந்த வட முனைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, வழியெல்லாம் முழங்கால் உயரப் பனி, பறவை பார்ப்பதற்காகக் கட்டிய இந்த மரக்கூட்டின் கதவைக் கூடக் காலால் உதைத்துத்தான் திறந்தேன். ஆகவே எதிர்ப்பாறையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பனியாகத்தான் இருக்கவேண்டும், வேறு எதுவாகவும் இருக்கத் தேவையில்லை, தொலைநோக்கியை வலப்பக்கம் திருப்பு குலேந்திரா, தண்ணீரில் மிதக்கிற கடல்வாத்துகளை எண்ணு, இரண்டு, ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, இனித் திரும்பி வா. பனி தலையைத் திருப்பியது. பனி தன் முதுகை அலகால் கோதியது. நான் கண்ணை எடுத்துக் கையுறையால் துடைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு பத்து. எட்டு மணிக்கு ஒட் ஆர்னே வருகிறான்.

அவன் நேரம் தவறமாட்டான். இந்த ஊர் மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று நானும் அவனும் மீன் வெட்டினோம், ஒருநாள் கூட அவன் பிந்தி வந்து நான் பார்த்ததில்லை, என் கலியாணத்துக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து மண்டப வாசலில் கோட்டும் சூட்டுமாக விறைத்துப்போய் நின்றான், தமிழர் கலியாணம் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது என்று பாவம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலை மூடியபிறகு நான் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனேன், அவன் துறைமுகத்துக்குப் போனான், ஆனால் வசந்தம் வந்தால் விடியற்காலையில் இந்தக் கூட்டில் தோளோடு தோள் உட்கார்ந்து கடற்பறவை பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. போன ஐப்பசி வரைக்கும் நிற்கவில்லை. ஐப்பசியில் நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன், அதோடு நின்றது. ஆறு மாதமாகக் கடையில் கண்டால் அவன் பால் இருக்கிற பக்கம் திரும்பிக்கொள்வான், நான் பாண் இருக்கிற பக்கம். நேற்று மாலை அவனே தொலைபேசி எடுத்தான். வாழ்த்துச் சொன்னான். என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதை நேரில்தான் கேட்கவேண்டும், நாளை எட்டு மணிக்குக் கூட்டுக்கு வரட்டுமா என்றான். வா என்றேன். பெரிய மனிதனைப் போல, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வா என்றேன்.

மன்னிப்பு எதற்கென்றால் இந்த வெள்ளைப் பறவைக்குத்தான். இல்லை, இதற்கல்ல, போன வருடம் சித்திரை முடிவில் நான் கண்ட வெள்ளைப் பறவைக்கு. அது வேறு இது வேறு என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வோமே, யாருக்கு என்ன நட்டம். அன்று காலை ஆறு மணி, பனித்தூறல், கீழே அலையடிக்கிற கற்திட்டில் ஒரு கடற்காகம் தனியாக நின்றது, உச்சி முதல் வால் வரை வெள்ளை, செட்டை நுனியில் கூடச் சாம்பல் இல்லை, கால் மட்டும் கறுப்பு. நாலு நிமிடம் நின்றது. என் நெஞ்சு அடித்த அடியில் தொலைநோக்கியே ஆடியது. முழு வெள்ளை உடம்பு, கறுப்புக் கால், அப்படி ஒரே ஒரு கடற்காகம்தான் உலகத்தில் உண்டு, துருவத்தில் பனிப்பாளம் உடைகிற இடத்தில் வாழ்கிற பனிக்காகம், வழி தவறினாலொழிய மனிதன் இருக்கிற கரைக்கு வராது. எங்கள் பறவைச் சங்கத்தின் பதினொரு பேரில் அதை இந்தக் கரையில் கண்டவர் ஒருவருமில்லை. கைபேசியில் எடுத்த படத்தில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் விழுந்திருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் விண்ணப்பத்தை நிரப்பினேன். அரிய பறவையைக் கண்டால் தெற்கே ஒரு குழுவுக்கு எழுதவேண்டும், தூரம் எவ்வளவு, வெளிச்சம் எப்படி, எவ்வளவு நேரம் கண்டீர், உடம்பு எப்படி, கால் எப்படி, அலகு எப்படி, எவ்வளவு நிச்சயம். கடைசிக் கேள்விக்கு நூறு வீதம் என்று எழுதினேன். அலகு என்ற இடத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நீலச் சாம்பல், நுனி மஞ்சள் என்று எழுதினேன். நேற்று அந்தக் குழுவின் கடிதம் வந்துவிட்டது, ஏற்றுக்கொண்டார்களாம், வருடாந்த அறிக்கையில் என் பெயர் வருமாம். என் மனைவி வதனி அதை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள்.

அந்த அலகை நான் எங்கே கண்டேன்? ஒரு வருடமாக இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்கவில்லை, கேட்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. பல்லில் சிக்கிய தும்பை நாக்கு தொடாமல் சுற்றிப்போகிற மாதிரி. பறவை முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு எனக்குப் பின்பக்கத்தைக் காட்டித்தான் நின்றது. கடைசியில் பறக்கும்போது ஒரு கணம் பக்கவாட்டில் தெரிந்தது, தூறல் வேறு. நான் கண்டது வெள்ளையும் கறுப்புக் காலும். மற்றது புத்தகத்தில் இருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கம், நீலச் சாம்பல் அலகு, நுனி மஞ்சள். கண்டது பனிக்காகம் என்றால் அதற்கு அந்த அலகுதானே இருந்திருக்கவேண்டும், ஆகவே இருந்தது, ஆகவே கண்டேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை, இப்போதும் முழுதாகத் தோன்றவில்லை. ஏழு இருபத்திரண்டு. எதிர்ப்பாறையில் மூன்றாவது வரிசையில், அந்தக் கறுப்பு வெடிப்புக்கு இடப்பக்கத்தில், அது இன்னும் நிற்கிறது. இன்று தூறலும் இல்லை, வெயில் பாறை முகத்தில் நேராக விழுகிறது, எவ்வளவு அருமையான வெளிச்சம், எவ்வளவு கேவலமான வெளிச்சம். அலகு முழு மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள், நீலமுமில்லை, சாம்பலுமில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பறவை வந்து இறங்குகிறது, சாம்பல் முதுகும் மையில் தோய்த்த மாதிரிச் செட்டை நுனியுமாக ஒரு சாதாரணக் க்ரிக்யே, இந்தப் பாறையில் கூடு கட்டுகிற ஆயிரத்துச் சொச்சம் சின்னக் கடற்காகங்களில் ஒன்று, கத்துகிற சத்தத்தையே இந்த ஊரார் அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். க்ரிக்யேக்கும் கால் கறுப்புத்தான். அதை நான் அன்று ஏன் நினைக்கவில்லை, இருபது வருடம் தொழிற்சாலைச் சுவரில் அதன் எச்சத்தைச் சுரண்டிக் கழுவியவன் நான், அதன் கால் நிறம் எனக்குத் தெரியாதா. சாம்பல் பறவையும் வெள்ளைப் பறவையும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து முகத்துக்கு முகம் கத்துகின்றன. இருநூறு மீற்றர் தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு இரண்டு குரலும் கேட்கிறது, இரண்டும் ஒரே குரல். க்ரிக்யே, க்ரிக்யே. வெள்ளையாகப் பிறந்துவிட்ட க்ரிக்யே. நிறம் தவறிப் பிறந்தது, வேறொன்றுமில்லை. போன வருடம் துணை தேடிக் கற்திட்டில் நின்றிருக்கும், இந்த வருடம் துணையும் இடமும் கிடைத்துவிட்டது. ஒரு விளிம்பைப் பிடித்தால் க்ரிக்யே அதை விடாது, வருடாவருடம் அதே விளிம்புக்கு வரும். அடுத்த வருடமும் வரும். அதற்கடுத்த வருடமும் வரும்.

வரட்டும். மலைமுகம் முழுக்கப் பறவை, ஒட் ஆர்னே அந்த விளிம்பைப் பார்க்கவேண்டுமென்று என்ன கட்டாயம். பார்ப்பான். அவன் பார்க்காமல் விட்ட விளிம்பு கிடையாது, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், மீனில் முள் தேடுகிற மாதிரித்தான் பாறையையும் பார்ப்பான். ஐப்பசியில் சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான் பார்த்தான். பதினொரு பேரும் குடும்பங்களும் இருந்தார்கள், வதனி என் பக்கத்தில் புதுச் சேலையில் இருந்தாள், நான் என் பனிக்காகத்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஒட் ஆர்னே மட்டும் தட்டவில்லை. அவன்தான் ஊர்ப் பறவைப் பட்டியலை வைத்திருப்பவன், அவன் கேட்கத்தான் வேண்டும், கேட்காவிட்டால்தான் பிழை. மூன்றே கேள்வி கேட்டான். எவ்வளவு தூரம். வெளிச்சம் எப்படி. அலகைத் தெளிவாகக் கண்டாயா. அவன் கேட்டது நோர்வே மொழியில், அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற பாகுபாடே கிடையாது, ஆனால் எனக்குள் அவன் எப்போதும் எங்கள் வடமராட்சித் தமிழில்தான் கதைப்பான், அலகை வடிவாக் கண்டனியோ குலே என்று. சாந்தமாகத்தான் கேட்டான். எனக்குக் காதுக்குள் சூடேறியது. எழும்பி நின்று, என் பெயர் குலேந்திரன் என்றில்லாமல் ஹான்சன் என்று இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாயா என்றேன். இங்கே அந்த ஒரு வசனத்துக்குப் பதில் கிடையாது. உண்மையாக அடி வாங்கியவன் சொல்லவேண்டிய வசனம் அது, எனக்கும் அடி விழுந்திருக்கிறது, விழாமலில்லை, வீடு வாடகைக்கு இல்லை என்று கதவு சாத்தியிருக்கிறார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்து எழும்பிப் போயிருக்கிறார்கள். அந்த அடிகளின் கணக்கையெல்லாம் ஒருநாளும் அடிக்காத ஒருவன் தலையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். அவன் முகம் வெளிறிப்போனது. அடுத்த கிழமை பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது நல்லாயிருந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும், எனக்கு அது உள்ளுக்குள் நல்லாய்த்தான் இருந்தது.

ஏனென்றால் அந்த மூன்று கேள்வியும் எனக்குப் புதிதல்ல. முப்பத்தாறு வருடத்துக்கு முன் அகதி விசாரணைக்கான ஒரு சின்ன அறையில், இருபத்திரண்டு வயதில், ஒரு அதிகாரிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் முன்னால் இருந்து நான் இவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு தூரம். வெளிச்சம் எப்படி. எப்படி நிச்சயமாகத் தெரியும். ஊரில் என் அண்ணா தயாளனும் இன்னும் இருவரும் மீன் தொழிலுக்குப் போய்த் திரும்பி வருகிற படகை கடற்படையின் சாம்பல் நிறப் பீரங்கிப் படகு ஒன்று மறித்தது, நான் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் சரியாக விடியவில்லை. மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒரு வெடிச்சத்தம். நடுவில் நின்றவன் தண்ணீரில் விழுந்தான், மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். விழுந்தது அண்ணா. நீலச் சாரம் கட்டியிருந்தார், அதனால் தெரியும், நூறு வீதம் தெரியும் என்றேன். கரையிலிருந்து அறுநூறு மீற்றரில் அந்த வெளிச்சத்தில் நிறம் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். பிறகு வந்த கடிதத்தில் இவரது சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று ஒரு வரி இருந்தது, வேறு காரணங்களைக் காட்டித்தான் இங்கே இருக்க விட்டார்கள். அந்த ஒரு வரியை நான் மன்னிக்கவே இல்லை. என் கண்ணால் கண்ட என் அண்ணனின் சாவை நம்பமாட்டேன் என்கிறார்களே என்று எத்தனை வருடம் பல்லைக் கடித்திருக்கிறேன். ஊரில் என்னை எல்லாரும் நம்பினார்கள். அம்மா நம்பினா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்தோம், உடம்பு இல்லாமலே செய்தோம். மற்ற இரண்டு வீட்டாரும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார்கள், அதில் ஒருவரின் மனைவி இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாவாம். எங்கள் அம்மா எங்கேயும் போய்க் கேட்கவில்லை. சின்னவன் கண்டவன், பிறகென்ன கேக்கிறது என்று சொல்லிவிட்டா.

அண்ணா விடிய எழும்பி நீலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்து போனதை நான் பாயில் படுத்தபடி பார்த்தேன். அது நிச்சயம், விளக்கு எரிந்தது, நிறம் தெரிந்தது. கடலில் அந்த நீலத்தை நான் கண்டேனா, அல்லது வீட்டில் கண்ட நீலத்தைக் கடலில் நின்றவனுக்கு உடுத்திவிட்டேனா. இதைத்தான் நினைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நினைத்துவிட்டேன். விழுந்தது அண்ணா இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு போனதில் ஒருவர் அண்ணா. ஏற்றிக்கொண்டு போனவரை எங்கள் வீட்டில் யாரும் தேடவில்லை. ஒரு முகாமின் வாசலில் கூட அவருடைய படம் காட்டப்படவில்லை, ஒரு பட்டியலிலும் பெயர் கொடுக்கப்படவில்லை, ஏனென்றால் சின்னவன் கண்டவன். இல்லை, நடுவில் நின்றவன் ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தான், அண்ணா அப்படித்தான் நிற்பார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் எப்படி இடுப்பில் கை வைப்பான். ஒரு பறவையின் அலகை விட்டுக்கொடுத்தால் எல்லாம் அவிழ்ந்துபோகும் என்று பயமாயிருக்கிறது, ஆறு மாதமாக ஒட் ஆர்னேயின் முகத்தைப் பார்க்காமல் பாண் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது இந்தப் பயத்தில்தான். பறவையைப் பிழையாகக் கண்டவன் எல்லாவற்றையும் பிழையாகக் காணவேண்டுமென்று சட்டமில்லை என்று புத்தி சொல்கிறது. ஆனால் அன்று பறவையைக் கண்டபோதும் நெஞ்சு இதே அடிதான் அடித்தது, நிச்சயம் இதே மாதிரித்தான் வந்தது, நூறு வீதம், ஒரு புள்ளி குறையவில்லை.

ஏழு நாற்பது. மேலேயிருந்து ஒரு நிழல் பாறையில் வழுக்கிக்கொண்டு போகிறது, கடற்கழுகு. ஆயிரம் பறவையும் ஒரே நேரத்தில் பாறையை விட்டுக் கிளம்புகின்றன, சத்தம் அப்படியே அறுந்துபோகிறது, பயந்தால் அவை கத்துவதில்லை, சத்தமில்லாமல் கடற்பக்கம் கொட்டுகின்றன. அந்தக் கூட்டத்துக்குள் வெள்ளையை என் கண் உடனே பிடித்துவிட்டது. கழுகே, அதைப் பிடி. இப்படித்தான் நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை, ஐம்பத்தெட்டு வயது மனிதன், இருபது வருடமாக ஒரு குஞ்சு விழுந்தாலும் பதறுகிறவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பறவையின் சாவுக்கு வேண்டிக்கொண்டு நிற்கிறேன். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, துரத்திவிடு, இருபது நிமிடத்துக்கு மட்டும் துரத்திவிடு. கழுகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்காலோடு தெற்கே போனது. பறவைகள் திரும்பி வந்தன, சத்தம் திரும்பி வந்தது, ஒவ்வொன்றும் தன் தன் விளிம்பில், ஒரு சாண் மாறாமல். வெள்ளை மூன்றாவது வரிசையில் வெடிப்புக்கு இடப்பக்கத்தில் இறங்கிச் செட்டையை மடித்தது.

அப்போது வதனி கைபேசியில் எடுத்தாள். ரோல்ஸ் பெட்டி மேசையில் அப்படியே கிடக்கிறதாம், அந்த மனிசன் வரும்போது வெறுங்கையோடா நிற்கப்போகிறீர்கள், விடியக் காலமை எழும்பிப் பொரித்தேனே என்று ஒரு பாட்டம். அவளுக்கு ஒட் ஆர்னே மேல் இருந்த கோபம் நேற்றோடு போய்விட்டது, வென்றவர்களுக்குக் கோபம் சீக்கிரம் போய்விடும். நான் பிழையாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி. அவள் சிரித்தாள்.

"நீங்கள் எந்தக் காலத்தில பிழை விட்டனீங்கள்? சீனியெண்டு உப்பை அள்ளித் தேத்தண்ணிக்குப் போட்டாலும் உப்புத்தான் பிழையெண்டு சொல்லுவியள்."

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே பனி நொறுங்குகிற சத்தம் கேட்டது, ஏழு ஐம்பத்தெட்டு, சப்பாத்தை இரண்டு தரம் வாசற்படியில் தட்டுவது அவன்தான்.

உள்ளே வந்தான். மெலிந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே, பாடமாக்கி வந்ததைப்போல, அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது, உன் மனம் நொந்ததற்கு வருந்துகிறேன், குழு ஏற்றுக்கொண்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் என்றான். நான் தலையை ஆட்டினேன். இப்போது சொல்லவேண்டும், இந்தக் கணத்தில் சொல்லவேண்டும், நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன். அவன் தன் தொலைநோக்கியைப் பூட்டி இடப்பக்கத்திலிருந்து தொடங்கினான். நான் என்னுடையதில் கடல்வாத்தைப் பார்க்கிற பாவனையில் அவனுடைய குழாயின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசையில் குழாய் மெல்ல வந்து வெடிப்புக்கு இடப்பக்கத்தில் நின்றது. எண்ணத் தொடங்கினேன். நாற்பது எண்ணினேன். பிறகு குழாய் வலப்பக்கம் நகர்ந்தது, மற்ற வரிசைகளையும் பார்த்து முடித்தான், நிமிர்ந்தான்.

"கடல்வாத்து நிறைய நிக்குது. வேற ஒண்டுமில்லை," என்றான். "கோப்பி குடிப்பம்."

ஊற்றித் தந்தான். முதல் மிடறு இறங்கியபோது உடம்பெல்லாம் தளர்ந்தது, தப்பிவிட்டேன், அவன் கண்டுவிட்டான், கண்டும் விட்டுவிட்டான். இரண்டாவது மிடறு இறங்கவில்லை. விட்டுவிட்டான் என்றால் என்ன அர்த்தம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் மொழியை உடைத்து உடைத்துப் பேசினால் நல்லாய்ப் பேசுகிறாய் என்பார்கள், சங்கத்தில் குருவியைப் பிழையாகச் சொன்னால் சுவாரசியம் என்பார்கள், சிரிப்பார்கள், தட்டிக்கொடுப்பார்கள். ஒருவன்தான் முதல் கிழமையே மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் வெட்டிய துண்டைத் தூக்கி என் முன்னால் எறிந்து, இது பிழை, உள்ளே முள் கிடக்கு, திரும்ப வெட்டு என்று சொன்னவன். அந்த ஒருவனின் வாயையும் நானே தைத்துவிட்டேன். இனி அவனும் மற்றவர்களைப் போல என்னிடம் நல்லவனாக நடப்பான், சாகும்வரைக்கும் நல்லவனாக நடப்பான். அதை நினைத்தபோது வந்த வெட்கம் அலகைப் பற்றிய வெட்கத்தைவிடப் பெரிதாயிருந்தது.

"மூண்டாவது வரிசை," என்றேன். "வெடிப்புக்கு இடப்பக்கம். கண்டனீ."

அவன் கோப்பையைப் பார்த்தான். "அது கிடக்கட்டும், குலே. அவங்கள் ஏற்றுக்கொண்டிட்டாங்கள். முடிஞ்சுது."

"அது என்ன பறவை?"

"உனக்குத் தெரியும்."

"நீ சொல்லு."

எதிர்ப்பாறையில் ஆயிரம் குரல் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"க்ரிக்யே," என்றான். "போன வருசம் நீ கண்டதும் இதுதான். நீ பிழை, குலே."

அலகை நான் காணவில்லை என்றேன். புத்தகத்தைப் பார்த்து எழுதினேன் என்றேன். நீ கேட்ட கேள்விக்கும் என் பெயருக்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் கோப்பையை வைத்த வேகத்தில் கோப்பி பலகையில் தெறித்தது. முகம் சிவந்து எழும்பி நின்றான்.

"ஆறு மாசம்," என்றான். "நான் அப்பிடிப்பட்ட ஆளோ, நான் அப்பிடிப்பட்ட ஆளோ எண்டு ஆறு மாசம் என்னையே கேட்டுக்கொண்டு படுத்தனான். இத்தனை வருசம் உன்னோட கதைச்ச கதையெல்லாத்தையும் ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தனான். ஒரு அலகைக் காணேல்லை எண்டு சொல்ல உன்னால ஏலாமப்போச்சு."

அதோடு அவன் நிறுத்தவில்லை. என் வசனம் ஊருக்குள் பரவியபிறகு கடைக்காரி மீதிச் சில்லறையை அவன் கையில் தராமல் மேசையில் வைக்கத் தொடங்கியதைச் சொன்னான், அவனுடைய அக்காவின் மகள் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வராததைச் சொன்னான், என்னைக் கோழை என்றான், வேறும் சொன்னான், மீன் மேசையில் நாங்கள் பழகிய சொற்கள், எழுத முடியாதவை. முப்பத்தாறு வருடத்தில் இந்த ஊரில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே இப்படிக் கோபப்பட்டதில்லை. வலித்தது. முழுவதையும் வாங்கிக்கொண்டேன், அவன் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது மெல்ல அவனுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன், தோளுக்கும் தோளுக்கும் இடையில் ஒரு சாண் விட்டு.

"எழுது," என்றான் பாறையைப் பார்த்தபடி. "இப்ப, எனக்கு முன்னால எழுது. பிறகு சங்கத்துக்கும் சொல்லு, எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

கைபேசியை எடுத்து அந்தக் குழுவின் பக்கத்துக்குப் போனேன். பதிவைத் திரும்பப் பெற ஒரு சின்ன விண்ணப்பம் இருக்கிறது, இரண்டே கட்டம், பதிவு எண், காரணம். கையுறையைக் கழற்றினேன், விரல் விறைத்துப்போய்ச் சொல் சொல்லாகத்தான் எழுத முடிந்தது. நான் பிழை. அலகை நான் காணவில்லை. பறவை இன்று உயிரோடு திரும்பி வந்து, தன் இடத்தில் நின்று, தன் குரலில் கத்தியது. ஒட் ஆர்னே எட்டிப் படித்துவிட்டுத் தலையை அசைத்தான், நான் அனுப்பினேன். அனுப்பிய பிறகும் அந்த மூன்று வரியையும் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் மறைத்தது, துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அண்ணா ஒருநாள் இப்படி எங்கேயாவது வந்து நின்று சின்னவன் என்று ஒரு சத்தம் வைத்தால் போதும். நான் கண்டது அத்தனையும் பிழை என்று எழுதி, கையெழுத்து வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதைவிடச் சந்தோஷமான வேலை எனக்கு இந்த உலகத்தில் வேறு இல்லை.